நடுச்சுவரை உடைத்து ஹாலைப் பெரிதாக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீடு. பின்பக்கம் தாத்தா காலத்து ஓட்டு வீடு, வெட்டுக்கல் (செம்பூராங்கல்) சுவர். முன்பக்கம் 1988-இல் அப்பா கட்டிய காங்கிரீட் ஹால். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரை 10 அடி அகலத்துக்கு உடைத்து, ஹாலையும் பின்னால் இருக்கும் சாப்பாட்டு அறையையும் ஒன்றாக்க வேண்டும். கேட்டவர் துபாயில் இருக்கிறார், வீட்டில் அம்மா மட்டும். வந்து பார்த்த காண்ட்ராக்டர், "மேலே ஒரு காங்கிரீட் லிண்டல் போட்டுட்டு உடைச்சிரலாம், நாலு நாள் வேலை" என்கிறார். செய்யலாமா?

செய்யலாம். ஆனால் 10 அடி வேண்டாம், 7 அடி போதும். திறப்பின் தலைக்கு மேல் வார்க்கும் காங்கிரீட் லிண்டலும் வேண்டாம், அந்த இடத்தில் இரும்பு பீம் போடுங்கள். நாலு நாள் நிச்சயமாகப் போதாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தச் சுவர் என்ன சுவர் என்று பார்ப்போம். இன்றைக்கு அது வீட்டுக்கு நடுவில் இருப்பதால் எல்லோரும் அதை உள்சுவர் என்று நினைக்கிறார்கள். 1988 வரைக்கும் அது ஓட்டு வீட்டின் முன்சுவர், வெளிச்சுவர். ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கழுக்கோல்கள் வந்து உட்காரும் உத்தரம் அதன் தலையில்தான் கிடக்கிறது. பிறகு அப்பா முன்னால் ஹால் கட்டும்போது, அந்தத் தளத்தின் பின் ஓரத்தையும் அதே சுவரில் ஏற்றியிருப்பார்கள். ஆக ஒரே சுவர், ஒரு பக்கம் ஓட்டுக்கூரை, மறுபக்கம் காங்கிரீட் தளம், இரண்டையும் தாங்குகிறது. மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை வட்டாரத்தில் வெளிநாட்டுப் பணம் வந்த காலத்தில் பழைய வீட்டை இடிக்க மனமில்லாமல் முன்னால் மட்டும் காங்கிரீட் ஒட்டிய வீடுகள் எத்தனையோ. அவற்றில் எல்லாம் அதிக பாரம் சுமக்கும் சுவர் இந்த நடுச்சுவர்தான். எல்லோரும் உடைக்க ஆசைப்படுவதும் இதைத்தான்.

தட்டிப் பார்த்தாலே தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கனமான சுவரெல்லாம் பாரம் தாங்குவது, மெல்லிய சுவரெல்லாம் சும்மா மறைப்பு என்பதும் சரியல்ல. நாலரை இஞ்சு சுவரின் மேல் தளம் உட்கார்ந்திருக்கும் வீடுகளும் இருக்கின்றன. பார்க்க வேண்டியது மூன்று விஷயம்: கழுக்கோல் எந்தத் திசையில் ஓடுகிறது, தளத்தின் கம்பி எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது, சுவர் அஸ்திவாரத்திலிருந்து எழும்புகிறதா அல்லது தரையின் மேல் கட்டப்பட்டதா. உங்கள் சுவரில் மூன்றுமே அது பாரம் தாங்கும் சுவர் என்றுதான் சொல்லும்.

அடுத்தது சுவரின் உள்ளே என்ன இருக்கிறது என்பது. அம்மாவிடமோ ஊரில் இருக்கும் யாரிடமோ சொல்லி, தளத்துக்கு ஒரு அடி கீழே ஒரு சதுர அடி அளவுக்குப் பூச்சை மட்டும் மெதுவாகக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புப் பூச்சு பிளந்து வந்ததும் துளை துளையான செங்காவிக் கல் தெரியும். இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்தை ஒரு ஆணியால் கீற வேண்டும். பொலபொலவென்று கொட்டினால் அது மண் சாந்து. கொட்டியதை உள்ளங்கையில் எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் குழைந்து விரலில் ஒட்டும். சுண்ணாம்புச் சாந்து அப்படிக் குழையாது, உள்ளே வெள்ளைப் புள்ளிகளும் தெரியும். உங்கள் வீட்டின் வயதைப் பார்த்தால் மண் சாந்தாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது ஏன் முக்கியம்? வெட்டுக்கல் மோசமான கல் இல்லை. கட்டடத்துக்கான வெட்டுக்கல் சதுர மில்லிமீட்டருக்கு குறைந்தது 3.5 நியூட்டன் தாங்க வேண்டும் என்று ஐஎஸ் 3620 என்ற இந்தியத் தரவிதி சொல்கிறது. வெட்டி எடுத்துக் காற்றில் காயக் காய அது இறுகும். ஆனால் சுவரின் பலம் கல்லின் பலம் அல்ல, கல்லும் சாந்தும் சேர்ந்த பலம். மண் சாந்தில் அது கல்லின் பலத்தில் ஒரு சிறு பங்குதான். அப்புறம் நனைந்தால் இரண்டுமே இளகும். நேராக மேலிருந்து கீழே வரும் பாரத்தை இந்தச் சுவர் பல தலைமுறைக்குத் தாங்கும். அதே பாரத்தை ஓர் இடத்தில் குவித்து வைத்தால் நசுங்கும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் அடித்த கல் மட்டும் வராது, பக்கத்தில் நாலு கல் ஆட்டம் கொடுக்கும்.

இனி பாரக் கணக்கு. ஹால் பின்னோக்கி 10 அடி ஆழம் என்று வைத்துக்கொள்கிறேன். காங்கிரீட் தளம், மேலே போட்ட ஓடு, ஆள் நடமாட்டம் எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. அதில் பாதி முன்சுவருக்கு, பாதி இந்தச் சுவருக்கு. அப்படியென்றால் சுவரின் ஒவ்வொரு மீட்டருக்கும் தளத்திலிருந்து ஒரு டன். ஓட்டுக்கூரையும் மரமும் காற்றும் சேர்த்து ஏறக்குறைய 300 கிலோ. பீமுக்கு மேல் மிஞ்சும் சுவர் இன்னொரு 300 கிலோ. மொத்தம் மீட்டருக்கு 1.6 டன். 10 அடிக்கு உடைத்தால் 5 டன் அந்தரத்தில் நிற்கும், இரண்டு முனையிலும் இரண்டரை டன் இறங்கும். 7 அடி என்றால் மொத்தம் மூன்றரை, முனைக்கு 1.7.

மூன்று அடிதானே வித்தியாசம் என்று தோன்றும். பீம் அப்படிப் பார்ப்பதில்லை. அதில் ஏற்படும் வளைவு விசை அகலத்தின் வர்க்கத்தில் ஏறும், 7-லிருந்து 10-க்குப் போனால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. நடுவில் தொய்வது இன்னும் வேகமாக, நாலாம் படியில் ஏறும். 150 மி.மீ. ஐ-பீம் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்துக் கணக்குப் போட்டால் 7 அடித் திறப்பில் தொய்வு இரண்டரை மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. அதே ஜோடி 10 அடியில் எட்டைத் தாண்டுகிறது. இரும்பு எட்டு மில்லிமீட்டரைத் தாங்கிக்கொள்ளும், மேலே இருக்கும் மண் சாந்துச் சுவரும் பழைய தளமும் தாங்காது, விரிசல் விடும். இன்னும் பெரிய பீம் போட்டால் தொய்வு குறையும், சரிதான். முனையில் இறங்கும் இரண்டரை டன் குறையாது.

அந்த முனைகள்தான் இந்த வேலையின் உயிர். வருகிற காண்ட்ராக்டர் எல்லாம் பீம் எத்தனை இஞ்சு என்றுதான் பேசுவார். நீங்கள் கேட்க வேண்டியது, பீமின் இரண்டு நுனியும் எதன் மேல் உட்காருகின்றன, அதற்குக் கீழே என்ன, அதற்கும் கீழே என்ன என்று. தரைக்கு அடியில் மண் வரைக்கும் பதில் வர வேண்டும்.

சுவர் சுண்ணாம்புச் சாந்தில் உறுதியாக இருந்தால், நுனிக்கு அடியில் ஒன்றரை அடி நீளம், சுவரின் முழு அகலம், அரை அடி கனத்தில் கம்பி போட்ட காங்கிரீட் திண்டு வார்த்து, அதன் மேல் பீமை முக்கால் அடிக்குக் குறையாமல் உட்கார வைக்கலாம். பாரம் திண்டு முழுக்கப் பரவி இறங்கும். மண் சாந்து என்றால் நான் சுவரை நம்ப மாட்டேன். இரண்டு முனையிலும் அஸ்திவாரத்திலிருந்தே காங்கிரீட் தூண் எழுப்பி, அதன் மேல் பீமை வைப்பதுதான் சரி. அதற்கு வாணம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது பழைய அஸ்திவாரத்தின் கால் கழன்றுவிடக் கூடாது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அடியில் பாறைக்கல்லை அடுக்கி மண் இட்டு நிரப்பியிருப்பார்கள். பக்கத்தில் குழி எடுத்தால் கல் தானாக உருண்டு வரும். ஒரு முனையைத் தோண்டி, வார்த்து, இறுகிய பிறகே அடுத்த முனையைத் தொட வேண்டும். இரண்டு தூணின் அடியையும் தரைக்குள் ஒரு காங்கிரீட் பீமால் இணைத்துவிட்டால் இன்னும் நல்லது. பாரம் இரண்டு புள்ளியில் குத்தாமல் பழைய அஸ்திவாரத்தின் நீளத்துக்கும் பரவும்.

இதோடு இன்னொன்று. திறப்பை வெளிச்சுவர் வரை கொண்டுபோகாதீர்கள். இரண்டு பக்கமும் குறைந்தது இரண்டு அடிச் சுவர் மிஞ்ச வேண்டும். அந்தத் துண்டுகள் பாரத்துக்காக மட்டும் இல்லை, நீளமான பக்கச் சுவர்கள் வெளியே சாயாமல் பிடித்து நிறுத்துவதும் அவைதான். உங்கள் சுவர் 14 அடி என்றால் 10 அடி உடைத்த பிறகு மிஞ்சுவது சொற்பம். 7 அடி என்றால் ஒரு பக்கம் மூன்றரை அடிச் சுவர் நிற்கும், அதில் ஒரு ஷோகேஸ் வைத்தாலும் ஹால் பெரிதாகத்தான் தெரியும்.

காங்கிரீட் லிண்டல் ஏன் வேண்டாம் என்கிறேன்? புது வீட்டில் லிண்டல் முதலில், சுவரும் தளமும் அதற்கு மேல் பிறகு. இங்கே மேலே எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. அடியிலிருந்து காங்கிரீட்டைத் திணித்து நிரப்பினாலும் மேல்பக்கம் முழுக்க நிரம்பாது. நிரம்பிய இடத்திலும் காய்ந்தால் காங்கிரீட் சுருங்கும், மேலே நூல் இடைவெளி விழும். தளத்தைத் தாங்க வைத்த முட்டுக்கட்டைகளை எடுத்த அன்றைக்குத் தளம் அந்த இடைவெளிக்கு இறங்கி உட்காரும். அதுதான் விரிசல். மேலும் பீமுக்கு அடியில் முட்டு 14 நாள் நிற்க வேண்டும் என்பது காங்கிரீட்டுக்கான தரவிதி ஐஎஸ் 456-இன் கணக்கு. இப்போது எல்லோரும் வாங்கும் பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட் மெதுவாக இறுகுவது, அதனால் 21 நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. "நாலு நாள்" எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேளுங்கள்.

இரும்பு பீமில் இந்தத் தொல்லை குறைவு. 150 மி.மீ. ஐ-பீம் மீட்டருக்கு 15 கிலோ, 3 மீட்டர் துண்டு 45 கிலோ. இரண்டு ஆள் தூக்கி வைக்கலாம், கிரேன் வேண்டாம். ஜோடியாகப் போடுவதில் இன்னொரு வசதி உண்டு: சுவரை முழுக்கத் துளைக்காமல், முதலில் ஹால் பக்கம் பாதிக் கனத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) வெட்டி ஒரு பீமைச் செருகி மேலே இறுக்கிவிட்டு, அது பாரம் ஏற்ற பிறகு மறுபக்கம் வெட்டி இரண்டாவதை வைக்கலாம். எந்த நேரத்திலும் பாதிச் சுவராவது வேலையில் இருக்கும். பீமுக்கும் மேலே உள்ள கல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இரும்பு ஆப்பு அடித்து, ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு மூன்று பங்கு மணல், கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரம் மட்டும் வைத்துக் குத்திக் குத்தி நிரப்ப வேண்டும். ஓடுகிற சாந்தை ஊற்றினால் அதுவும் சுருங்கிவிடும்.

உங்கள் சுவரில் ஒரு சிக்கல். ஹால் பக்கத்துப் பீமுக்குக் காங்கிரீட் தளத்தின் ஒரு டன், பின்பக்கத்துப் பீமுக்கு ஓட்டுக்கூரையின் 300 கிலோ. இரண்டையும் தனித்தனியாக விட்டால் ஒன்று தொய்யும், மற்றது சும்மா நிற்கும். அதனால் இரண்டையும் இடையிடையே போல்ட்டும் குழாயும் கொடுத்து இணைத்து, மேலே ஒரு இரும்புத் தகட்டை இரண்டுக்கும் குறுக்கே வெல்டிங் பண்ண வேண்டும். பழைய சுவரில் மூன்று இஞ்சு காடி வெட்டி, தளத்தின் ஓரத்தை அதற்குள் செருகி வார்த்த வீடுகளும் உண்டு. உங்கள் வீட்டில் தளம் எவ்வளவு தூரம் சுவருக்குள் போயிருக்கிறது என்று கொத்திப் பார்க்காமல் பீமை எந்த இடத்தில் வைப்பது என்று யாரும் முடிவு செய்ய முடியாது.

ஓட்டுப் பக்கத்தில் உத்தரத்தைக் கவனியுங்கள். அயினியோ தேக்கோ இருந்தால் மரம் நன்றாக இருக்கும், சுவருக்குள் புதைந்த அடிப்பக்கத்தைக் கறையான் தின்றிருக்கலாம். ஒரு கத்தி முனையால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். உத்தரத்தில் மூட்டு இருக்கிறதா, இருந்தால் அது நீங்கள் உடைக்கும் 7 அடிக்குள் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வந்தால் திறப்பை ஓர் அடி தள்ளிப் போடுவது புத்திசாலித்தனம். இன்னொரு காரியம், ஓட்டுக்கூரை கீழே அழுத்துவதோடு சுவரை வெளியே தள்ளவும் செய்யும், புயலில் மேலேயும் இழுக்கும். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உத்தரத்தைப் பீமோடு இரும்புப் பட்டை போட்டுப் போல்ட் பண்ணிவிடச் சொல்லுங்கள்.

ஓடும் தளமும் சேரும் இடத்தில் தகர வாய்க்கால் இருக்கும். அது ஒழுகாத வீட்டை நான் பார்த்ததில்லை. வருஷக்கணக்கில் அந்தத் தண்ணீர் சுவரின் தலைக்குள்தான் இறங்கியிருக்கும். முதல் வேலை அதைச் சரிசெய்வது, பிறகு சுவர் காய்வதற்கு ஒரு மாதம் விடுவது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி மழை இரண்டும் பெய்கிற ஊர் நம்முடையது, ஆகையால் இந்த வேலைக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். நீங்கள் ஓணத்துக்கு லீவில் வரும்போது செய்துவிடலாம் என்று திட்டம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

உடைக்கும் முன்னால் மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் டேங்க் எங்கே இருக்கிறது? நடுச்சுவர் பலமானது என்று அதன் தலைக்கு நேராகத்தான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். 1000 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் ஒரு டன். நான் மேலே போட்ட கணக்கில் அது இல்லை. காலி செய்து, முடிந்தால் நிரந்தரமாக வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். காயப்போட்ட தேங்காயும் இறங்கட்டும்.

முட்டு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஹால் பக்கம் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி, மூன்று அடிக்கு ஒன்று என்று இரும்பு ஜாக்கி, மேலே நீளவாக்கில் ஒரு கட்டை. ஓட்டுப் பக்கமும் கழுக்கோல்களுக்கு அடியில் அதே மாதிரி. காற்றாடிக் (சவுக்கு) கம்பை வெட்டி ஆப்பு அடித்து நிறுத்துவது புதுத் தளம் வார்க்கச் சரி, பழைய தளத்தைத் தாங்கி நிறுத்த வேண்டாம். திருகி இறுக்கவும் இளக்கவும் முடிகிற ஜாக்கிதான் வேண்டும். அதன் காலை நேராகத் தரையில் ஊன்றக் கூடாது. பழைய காவித் தரைக்கு அடியில் இருப்பது நிரப்பிய மண், பாரம் ஏறினால் ஜாக்கி இறங்கும், கூடவே தளமும் இறங்கும். இரண்டு இஞ்சு கனப் பலகையை நீளமாகப் போட்டு அதன் மேல் ஊன்ற வேண்டும். இறுக்கும்போது தளத்தைத் தூக்கப் பார்க்கக் கூடாது, தொட்டு விறைப்பாக நின்றால் போதும்.

உடைப்பது சுத்தியலால் வேண்டாம், கட்டிங் மெஷினால் இரண்டு பக்கமும் கோடு அறுத்துவிட்டு மேலிருந்து கல் கல்லாகக் கழற்றச் சொல்லுங்கள். அந்தச் சுவரில் இருக்கும் மின் இணைப்பை முந்தின நாளே துண்டித்துவிட வேண்டும். கழற்றிய வெட்டுக்கல்லை வெளியே தள்ளாதீர்கள், காம்பவுண்டுச் சுவருக்கு ஆகும்.

முட்டு எடுப்பது தனி வேலை. இரும்புப் பீமாக இருந்தாலும், மேலே குத்திய சாந்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். தூண் வார்த்திருந்தால் அதன் கணக்கு வேறு, அது இறுகிய பிறகுதான் பீமே ஏறும். எடுக்கும்போது நடு ஜாக்கியில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும், ஒவ்வொன்றையும் கால் சுற்று கால் சுற்றாக இளக்க வேண்டும். அதற்கு முன் பீமுக்கு அடியில் முனைக்கு முனை ஒரு நூல் கட்டி, நடுவில் இடைவெளியை அளந்து சுவரில் பென்சிலால் எழுதிவையுங்கள். இளக்கிய பிறகும், மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் அளக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறி நின்றுவிட்டால் சரி. நாளுக்கு நாள் மாறினாலோ, பீமின் முனைக்கு மேல் சாய்வாக விரிசல் ஓடினாலோ, பக்கத்து அறைக் கதவு திடீரென்று இறுகினாலோ ஜாக்கியைத் திரும்ப இறுக்கிவிட்டு இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். பூச்சில் முடி போல ஒன்றிரண்டு கோடு வருவது இயல்புதான், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கருங்கல் கடலுக்குப் பக்கம். உப்புக் காற்றில் சாதாரண ரெட் ஆக்சைடு பூசிய இரும்பு சீக்கிரம் உரியத் தொடங்கும். பீமைக் கம்பி பிரஷால் தேய்த்து எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கை அடித்து, வலை சுற்றிப் பூசிவிடுங்கள். 1988 தளத்தின் அடியையும் அப்போதே தட்டிப் பார்த்துவிடலாம். அந்தக் காலத்தில் உப்புக் கலந்த மணலில் வார்த்த தளங்கள் கடலோரத்தில் உண்டு. பழுப்புக் கறையும் பொள்ளென்ற சத்தமும் இருந்தால் முதலில் தளத்துக்கு வைத்தியம், பிறகு சுவர்.

நான் சொன்ன அளவெல்லாம் நீங்கள் எழுதியதை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. இதை அப்படியே காண்ட்ராக்டர் கையில் கொடுத்து வேலை தொடங்க வேண்டாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து, பூச்சைக் கொத்திப் பார்த்து, பீம் அளவு, முனைத் திண்டு, தூணின் கம்பி, முட்டு வைக்கும் இடம் எல்லாவற்றையும் வரைபடமாக வாங்குங்கள். அதை வைத்தே உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி வேண்டுமா என்றும் கேட்டுவிடலாம். தாத்தா வீடு என்பதால் பாகப்பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். பின்கட்டில் சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ பங்கு இருந்தால், அந்தச் சுவர் பொதுச்சுவராக எழுதப்பட்டிருக்கலாம். கல்லைத் தொடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது எல்லோருக்கும் நல்லது.

முட்டு வைத்த நாளிலிருந்து எடுக்கும் நாள் வரை அம்மா அந்த வீட்டில் படுக்க வேண்டாம். பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும். இன்ஜினியரைத் தேடுவதற்கு முன் மூன்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: பூச்சு எடுத்த இடம், உத்தரம் சுவரில் உட்காரும் இடம், மாடியில் தகர வாய்க்கால். அவை வந்தால் தூண் தேவையா, திண்டு போதுமா என்று ஓரளவு சொல்லிவிட முடியும்.